ஆடிக்காற்றும் ஆன்டெனா ஸ்டாடிக்கும்: வடிகால் பெட்டி செய்முறை

ஆடிக்காற்று வீசும் நாட்களில் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் வானம் பெரும்பாலும் வெளுத்தே கிடக்கும். இடியும் இருக்காது, மின்னலும் இருக்காது. ஆனாலும் ஹாம் (அமெச்சூர்) ரேடியோவில் 7 மெகாஹெர்ட்ஸில் காதை வைத்தால் டிக், டிக் என்று ஒரே சீரான இடைவெளியில் சத்தம் கேட்கும். காற்று வலுத்தால் சத்தம் வேகமெடுக்கும், தணிந்தால் மெதுவாகும். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரா, தெருவிளக்கா, கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரா என்று பலர் வெளியே தேடுவார்கள். ரேடியோ செட்டிலிருந்து ஆன்டெனாக் கேபிளான கோஆக்ஸைக் கழற்றி, விளக்கை அணைத்துவிட்டு, அதன் முனையில் உள்ள பிஎல்-259 பிளக்கின் வாயைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். நடு முள்ளுக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே மயிரிழை தடிமனில் நீலப்பொறி தாண்டிக்கொண்டிருக்கும். அதே பொறி செட்டின் ரிலேயிலோ ஆன்டெனா சுவிட்சுக்குள்ளோ தாண்டும்போதுதான் நமக்கு டிக் என்று கேட்கிறது.

வறண்ட காற்றில் பறக்கும் தூசி கம்பியில் உரசும்போது ஒவ்வொரு துகளும் கொஞ்சம் மின்னூட்டத்தை விட்டுச் செல்கிறது. இப்படிக் கம்பியில் தேங்குவதுதான் ஸ்டாடிக். செம்மண் புழுதி ஒரு பக்கம், கிரானைட் குவாரிகளிலிருந்து வரும் கல்தூள் இன்னொரு பக்கம் என்று இந்த இரண்டு மாவட்டங்களிலும் தூசிக்குப் பஞ்சமில்லை. மழைத்துளியும் மின்னூட்டத்தோடுதான் விழுகிறது. இவை எதுவும் இல்லாத தெளிந்த நாளிலும் தரைக்கு மேலே மீட்டருக்குச் சுமார் 100 வோல்ட் அளவில் இயற்கையான மின்புலம் உண்டு. தலைக்கு மேல் இடிமேகம் வந்து நின்றால் அது மீட்டருக்குப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏறும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயத்தின் தீவிரம் புரியும். ஆர்ஜி-58, ஆர்ஜி-213 என்ற இரண்டு வகைக் கோஆக்ஸுக்குமே மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ். 25 மீட்டர் கேபிள் என்றால் 2500 பிகோஃபாரட். 1 மைக்ரோ ஆம்பியர் மட்டும் வந்து சேர்ந்தாலும் நொடிக்கு 400 வோல்ட் ஏறும். எட்டு நொடிக்குள் 3000 வோல்ட்டைத் தாண்டிவிடும். அப்போது கேபிளில் தேங்கியிருக்கும் ஆற்றல் சுமார் 11 மில்லிஜூல். கையில் பட்டால் ஒரு சுருக்கு, அவ்வளவுதான். அதுவே ரிசீவர் முகப்பில் இருக்கும் சுவிட்சிங் டயோடு, மாஸ்ஃபெட் வழியாக ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குள் இறங்கினால் அது தாங்காது. முழுதாகச் செத்தால்கூடப் பரவாயில்லை, காரணம் தெரிந்துவிடும். பெரும்பாலும் டயோடு பாதி பழுதாகிறது. ரிசீவர் கொஞ்சம் மந்தமாகும், பக்கத்து ஸ்டேஷன்கள் கலந்து கேட்கத் தொடங்கும், பேண்ட் (அலைவரிசைப் பட்டை) சரியில்லை என்று மாதக்கணக்கில் நினைத்துக்கொண்டிருப்போம்.

இதையும் மின்னலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பலர் ஒன்றுமே செய்யாமல் விடுகிறார்கள். "பாறை நிலம், எர்த் கிடைக்காது, எதை வைத்து என்ன பயன்" என்பது இங்கே அடிக்கடி கேட்கும் பேச்சு. மின்னல் பல்லாயிரம் ஆம்பியர். அதற்கு நல்ல எர்த்தும் வேண்டும், கேபிளைக் கழற்றி வைப்பதும் வேண்டும். ஸ்டாடிக் மைக்ரோ ஆம்பியர் கணக்கு. எர்த் தடை 400 ஓம் என்றாலும் 10 மைக்ரோ ஆம்பியருக்கு அதில் விழுவது 4 மில்லிவோல்ட்தான். ஸ்டாடிக்கை வடிக்க மோசமான எர்த்தே தாராளம். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிற்காது. இங்கே அந்த ஓட்டையை நாமே வேண்டுமென்று போடுகிறோம். கேபிளில் சேரும் ஸ்டாடிக்கை எர்த்துக்கு வடித்துவிடும் ஒரு சிறு பெட்டிதான் அந்த ஓட்டை. ஒரே நிபந்தனை, அது எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். செட் ஆனில் இருந்தாலும் ஆஃபில் இருந்தாலும், கேபிள் சொருகியிருந்தாலும் கழற்றியிருந்தாலும்.

முதலில் மீட்டர் வைத்துப் பாருங்கள்

எல்லா ஆன்டெனாவுக்கும் பெட்டி தேவைப்படாது. கோஆக்ஸைச் செட்டிலிருந்து கழற்றி, முள்ளைக் கூட்டோடு ஒரு கணம் தொடவிட்டு இருக்கும் மின்னூட்டத்தை இறக்கிவிட்டு, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து முள்ளுக்கும் கூட்டுக்கும் நடுவே அளக்கவும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் ஆன்டெனாவுக்குள்ளேயே டிசி வழி இருக்கிறது. மடக்கு டைபோல், ஜே-போல், ஹேர்பின் மேட்ச் உள்ள யாகி, 4:1 பாலன் (ஆன்டெனாவையும் கோஆக்ஸையும் இணைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்), ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் முறையில் சுற்றிய 49:1 எண்ட்ஃபெட் (ஒரு முனையில் கேபிள் கொடுத்த கம்பி) எல்லாம் இந்த வகை. திறந்த சர்க்யூட் காட்டினால் நடுக்கம்பி அந்தரத்தில் தொங்குகிறது என்று பொருள். நடுவில் வெட்டி நேரடியாகக் கோஆக்ஸ் கொடுத்த டைபோல், 1:1 கரண்ட் பாலன் போட்ட டைபோல், ரேடியல் வைத்த கால் அலை நெட்டுக்குத்து ஆன்டெனா இவை அப்படித்தான் காட்டும். பாலன் இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. ஃபெரைட் வளையத்தில் கோஆக்ஸைச் சுற்றிய 1:1 கரண்ட் பாலனில் இரு கம்பிக்கும் நடுவே டிசி வழி கிடையாது.

பூஜ்யம் காட்டினாலும் வேலை முடியவில்லை. ஷீல்டு (கோஆக்ஸின் வெளிப்பின்னல்) எர்த்தில் இருந்தால்தான் அந்த வழிக்கு அர்த்தம் உண்டு. ஷீல்டுக்குச் செட்டின் பவர் சப்ளை வழியாகத்தான் எர்த் கிடைக்கிறது, அந்தப் பவர் சப்ளையோ இரண்டு முள் பிளக்கில் ஓடுகிறது என்றால், ஆன்டெனா முழுவதும் சேர்ந்தே மிதக்கும். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிட்டுச் சொருகும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அப்படிப்பட்ட எஸ்எம்பிஎஸ் (சுவிட்சிங் வகைப் பவர் சப்ளை) இருந்தால் செட்டின் உடம்பைத் தொட்டால் சுள்ளென்று உறுத்தும், டெஸ்டர் மங்கலாக எரியும். அது ஸ்டாடிக் இல்லை, பவர் சப்ளையின் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாக வரும் கசிவு. முதலில் பிளக்கைச் சரிசெய்ய வேண்டும்.

சில செட்டுகளில் ஆன்டெனா சாக்கெட்டுக்கு உள்ளேயே கம்பெனி ஒரு ரெசிஸ்டரோ சோக் காயிலோ வைத்திருக்கும். வீட்டில் செய்யும் செட்டுகளில் பெரும்பாலும் இருக்காது. வெளியேறும் லோபாஸ் ஃபில்டரில் காயில்கள் தொடரிலும் கெப்பாசிட்டர்கள் எர்த்துக்கும் போவதால் டிசி இறங்க வழியே இல்லை. உள்ளே இருந்தாலும் கேபிளைக் கழற்றிய நிமிடம் அது பயனற்றுப் போகிறது. ஆகவே வெளியில், ஆன்டெனா சுவிட்சுக்கும் முன்னால், ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் தனித்தனிப் பெட்டி.

பெட்டிக்கு வேண்டியவை

கீழே சொல்லும் அளவுகள் 100 வாட் வரை உள்ள செட், 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) பேண்ட் இன்வெர்ட்டட் வீ டைபோல், 25 மீட்டர் கோஆக்ஸ் ஆகியவற்றுக்கு. 100 கிலோ ஓம் 2 வாட் மெட்டல் ஆக்சைடு ஃபிலிம் ரெசிஸ்டர் இரண்டு. 230 வோல்ட் கேஸ் டிஸ்சார்ஜ் டியூப் (வோல்ட்டேஜ் எல்லை மீறினால் பற்றி எர்த்துக்கு இறக்கும் வாயுக் குழாய்) ஒன்று. டெஃப்லான் இன்சுலேட்டர் உள்ள, பிஎல்-259 பிளக் பொருந்தும் எஸ்ஓ-239 சாக்கெட் இரண்டு. உள்ளங்கை அளவுள்ள வார்ப்பு அலுமினியப் பெட்டி ஒன்று. எர்த்துக்கு 6 மில்லிமீட்டர் பித்தளை போல்ட், நட்டு, பல் வாஷர். ஏசி மெக்கானிக் வெட்டிப் போட்ட காப்பர் பைப் ஒரு சாண். டியூபும் டெஃப்லான் சாக்கெட்டும் உள்ளூர் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்காது. ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம், மற்றவர்கள் சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ வாங்கலாம். சாக்கெட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவான சாக்கெட்டின் பிளாஸ்டிக் ஈயம் வைக்கும் சூட்டிலேயே இளகி, நடு முள் சாய்ந்துவிடும்.

ரெசிஸ்டர் மதிப்பை ஏன் இப்படி எடுத்தோம் என்றால்: இரண்டும் இணையாகச் சேர்ந்து 50 கிலோ ஓம். 50 ஓம் லைனில் 100 வாட்டுக்கு ஆர்எம்எஸ் வோல்ட்டேஜ் 70.7, உச்சம் 100. ரெசிஸ்டர்கள் தின்பது மொத்தமே 0.1 வாட். எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து பவர் திரும்புவதைக் காட்டும் அளவு) 3 ஆகி, வோல்ட்டேஜ் உச்சம் சரியாகப் பெட்டி இருக்கும் இடத்தில் வந்து விழுந்தாலும் 0.3 வாட்டைத் தாண்டாது. ஆகவே 2 வாட் ரெசிஸ்டர் சூடே ஆகாது. எஸ்டபிள்யூஆரில் அதனால் வரும் மாற்றம் மீட்டரில் தெரியாத அளவு. ஸ்டாடிக் பக்கம் பார்த்தால், 100 மைக்ரோ ஆம்பியர் வந்தாலும் முள்ளில் நிற்பது 5 வோல்ட்தான்.

1 மெகா ஓம் போதும் என்று சொல்பவர்களும் உண்டு, அதுவும் வேலை செய்யும். ஆனால் மழைக்காலத்தில் பெட்டிக்குள் ஈரம் பூத்தால் அந்த ஈரமே மெகா ஓம் கணக்கில் கசியும்; ரெசிஸ்டர் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று மீட்டரில் நிச்சயமாகச் சொல்ல முடியாது. 50 கிலோ ஓம் என்றால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஒன்றுக்கு இரண்டாகப் போடுவதற்கும் இதே காரணம்தான். ஒன்று அறுந்தால் மீட்டர் 100 கிலோ ஓம் காட்டும், மற்றது வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

வயர்வவுண்டு ரெசிஸ்டர் கூடாது, அது காயிலாகவே நடந்துகொள்ளும். ரெசிஸ்டருக்குப் பதில் 2.5 மில்லிஹென்றி சோக் வைப்பது பழைய வழக்கம். டிசிக்கு அது நல்ல வழிதான். ஆனால் சோக்குக்குச் சொந்த ரெசொனன்ஸ் உண்டு. அது நாம் பேசும் பேண்டில் போய் விழுந்தால் 100 வாட்டில் சோக் கருகிவிடும். ரெசிஸ்டருக்கு அந்தத் தொல்லையே இல்லை.

கேஸ் டியூப் இரண்டாம் காவல். பக்கத்தில் எங்கோ மின்னல் விழுந்து கம்பியில் திடீரென்று தூண்டப்படும் வோல்ட்டேஜுக்கு அது தேவை. அது மட்டும் இருந்தால் போதும் என்று நினைப்பதுதான் பெரிய பிசகு. 230 வோல்ட் டியூப் என்பது மெதுவாக ஏறும் டிசிக்குச் சொன்ன அளவு. ஸ்டாடிக்கை அது 200 வோல்ட் வரை தேங்க விடும், பிறகு ஒரே அடியாக இறக்கும். அந்த இறக்கமும் ஒரு கூர்மையான துடிப்புதான், அதுவும் செட்டுக்குள் போகும். வேகமாக ஏறும் துடிப்புக்கோ டியூப் பற்றுவதற்குள் 600, 700 வோல்ட்கூடத் தாண்டிவிடும். ரெசிஸ்டர் தினசரி வேலைக்கு, டியூப் அவசரத்துக்கு.

டியூபின் அளவைப் பவரை வைத்து முடிவு செய்ய வேண்டும். 230 வோல்ட் டியூபில் 20 சதவீதம் கூடக்குறைய இருக்கும் என்பதால் 184 வோல்ட்டிலேயே பற்றலாம். 100 வாட்டில் எஸ்டபிள்யூஆர் 3 என்றால் உச்சம் 173 வோல்ட். அதாவது இடைவெளி மிகக் குறைவு, எஸ்டபிள்யூஆரை அதற்குமேல் விட்டுப் பேசக் கூடாது. 10 வாட் செட்டுக்கு 90 வோல்ட் டியூப் பொருத்தம். 230 வோல்ட் டியூப் அங்கே பாதுகாப்பே ஆகாது. மெயின்ஸ் ஸ்பைக் கார்டில் இருக்கும் எம்ஓவியை (வோல்ட்டேஜ் ஏறினால் கடத்தும் வில்லை) கழற்றி இங்கே வைக்கக் கூடாது. அதன் கெப்பாசிட்டன்ஸ் நூற்றுக்கணக்கான பிகோஃபாரட், எச்எஃப் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) சிக்னலையே எர்த்துக்கு இழுத்துவிடும். கேஸ் டியூபுக்கு 1, 2 பிகோஃபாரட்தான். கார் ஸ்பார்க் பிளக்கைக் குறுக்கே வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது பற்றுவதற்கு 2000 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அதற்கு முன்பே செட் போய்விட்டிருக்கும்.

கட்டும் முறை

பெட்டியின் ஒரே பக்கத்தில், இரண்டு சாக்கெட்டும் தரையைப் பார்க்கும்படி, 16 மில்லிமீட்டர் ஓட்டை இரண்டு போடவும். ஓட்டையைச் சுற்றி உள்பக்கம் பெயிண்டைச் சுரண்டி உலோகம் பளிச்சென்று தெரிய வேண்டும். காப்பர் பைப்பை நீளவாக்கில் பிளந்து, தட்டித் தகடாக்கி, இரண்டு சாக்கெட்டின் ஃபிளாஞ்சுக்கும் அடியில் ஒரே தகடாக வருகிற மாதிரி வெட்டிக்கொள்ளவும். எர்த் போல்ட்டும் இதே தகட்டின் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அலுமினியத்தை மட்டும் நம்பினால் ஒரு மழைக்காலத்தில் வெள்ளைப் பூ பூத்துத் தொடர்பு விட்டுவிடும்.

இரு சாக்கெட்டின் முள்ளையும் 5 மில்லிமீட்டர் அகலக் காப்பர் பட்டையால் நேராக இணைக்கவும். பட்டை 5 சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். ஆன்டெனா பக்கச் சாக்கெட்டை ஒட்டி, பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே கேஸ் டியூப். அதிலிருந்து விரல் அகலம் தள்ளி இரண்டு ரெசிஸ்டரும். மூன்றின் காலும் 5 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். ரெசிஸ்டரின் உடம்பு தகட்டில் படாமல் நிற்க வேண்டும். ஈயம் வைக்கும் சூட்டுக்கோல் 60 வாட்டாவது இருக்கட்டும். 25 வாட் கோலை வைத்துத் தகட்டைச் சூடேற்ற நினைத்தால் ஈயம் மேலே உருண்டையாக நிற்குமே தவிர ஓடிப் பிடிக்காது. சரியாகப் பிடித்த இடத்தில் ஈயம் தகட்டோடு படிந்து, ஓரம் மெல்லியதாக இறங்கி, பளபளப்பாக இருக்கும். ஃபிளக்ஸைத் தின்னரால் கழுவிவிட வேண்டும். விட்டால் அதில் தூசி ஒட்டி, ஈரம் சேர்ந்து, டியூபின் குறுக்கே பாதை போடும்.

டிசியைத் தடுக்கும் கெப்பாசிட்டரைத் தொடரில் போடலாமா என்ற கேள்வி வரும். போட்டால் பாதுகாப்பு கூடும், ஆனால் ஒரு சிக்கல்: அறையிலிருந்து மீட்டர் வைத்து ரெசிஸ்டரைச் சோதிக்க முடியாது, திறந்த சர்க்யூட்தான் காட்டும். கோஆக்ஸ் வழியாகவே டிசி கொடுத்து இயக்கும் ட்யூனரும் ஓடாது. போட்டே தீர வேண்டுமென்றால் செட் பக்கத்திலும் இன்னொரு 100 கிலோ ஓம் தேவை, இல்லாவிட்டால் அந்தப் பக்கக் கேபிள் தனியாக மிதக்கும். மாதாமாதம் ஒரு நிமிடத்தில் சோதிக்க முடிகிற எளிமையையே எச்எஃப் ஸ்டேஷனுக்குச் சிறந்ததாகக் கருதுகிறோம். ஆகவே இந்தப் பெட்டியில் கெப்பாசிட்டர் இல்லை.

மூடியை மூடும் முன் பெட்டியின் அடியில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று. உள்ளே வியர்க்கும் நீர் அதன் வழியாக வடியும். ஓட்டைக்கு உள்பக்கம் மெல்லிய பித்தளை வலைத்துண்டு ஒட்டாவிட்டால் எறும்பு குடியேறிவிடும். மூடிக்குப் பூசும் சிலிக்கோன் புளிப்பு வாடை அடித்தால் வேண்டாம், அது காப்பரை அரிக்கும். பிளக்குகள் மீது முதலில் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் சாதாரண பிவிசி டேப். வெறும் பிவிசி டேப் சித்திரை வெயிலில் பசை இளகி நழுவிவிடும்.

பாறை மண்ணில் எர்த்

பெட்டி இருக்க வேண்டிய இடம் கேபிள் வீட்டுக்குள் நுழையும் சுவர், சன்ஷேடுக்கு அடியில். அதற்கு நேர் கீழே எர்த். கடப்பாரை போட்டால் இரண்டு அடியில் டங்கென்று கல் தட்டும் நிலத்தில் 2.5 மீட்டர் ராடு இறக்குவது நடக்காத காரியம். இறக்கினாலும் பயன் குறைவு. மண்ணின் மின்தடைமை 1000 ஓம் மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 16 மில்லிமீட்டர் ராடு ஒன்று சுமார் 400 ஓம் கொடுக்கும். அதே மண்ணில் 25க்கு 3 மில்லிமீட்டர் ஜி.ஐ. பட்டையை 15 மீட்டர் நீளத்துக்கு அரை மீட்டர் ஆழத்தில் படுக்க வைத்துப் புதைத்தால் சுமார் 110 ஓமுக்கு இறங்கும். ஆழமாகப் போக முடியாத இடத்தில் நீளமாகப் போக வேண்டும். 15 மீட்டர் ஒரே திசையில் இல்லாவிட்டால் இரண்டு கிளையாகப் பிரித்து எதிரெதிராக ஓட்டலாம்.

பள்ளத்தில் தோண்டிய சரளையையே திரும்பப் போட்டு மூடினால் பட்டைக்கும் மண்ணுக்கும் சரியாகத் தொடுப்பு இருக்காது. சல்லடையில் சலித்த ஏரி வண்டலில் கரித்தூளைக் கலந்து பட்டையைச் சுற்றி ஒரு சாண் கனத்துக்கு நிரப்பி, தண்ணீர் விட்டு மிதிக்கவும். பெண்டோனைட் கிடைத்தால் இன்னும் நல்லது. உப்பு வேண்டாம் என்பது எங்கள் கருத்து. இரண்டு மழையில் கரைந்து போய்விடும், இருக்கும் வரை பட்டையை அரிக்கும். பழைய ஆழ்துளைக் கிணற்றில் இரும்பு கேசிங் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். இப்போது போடுவதெல்லாம் பெரும்பாலும் பிவிசி கேசிங், அது உதவாது.

பெட்டியிலிருந்து பட்டைக்கு 8 கேஜ் காப்பர் கம்பி, நேராக, குறுகலாக. மிச்சக் கம்பியைச் சுருட்டி வைக்கக் கூடாது, அது காயில். காப்பரும் ஜி.ஐ.யும் நேரடியாகச் சேரும் இடத்தில் ஈரம் பட்டால் துத்தநாகம் தின்னப்பட்டுவிடும். ஈயம் பூசிய லக், துருப்பிடிக்காத எஃகு போல்ட், மேலே கிரீஸ்.

இந்த வேலைக்கு வரும் எலக்ட்ரீஷியன்கள் தவறாமல் சொல்வது, "ரேடியோவுக்குத் தனி எர்த் போட்டுக்குங்க சார், வீட்டு எர்த்தோட சேர்க்காதீங்க, கரண்ட் ஏறிரும்" என்று. நல்லெண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் ஆபத்து. பக்கத்தில் இடி விழும்போது இரண்டு எர்த்துக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும். இரண்டையும் இணைக்கும் ஒரே பாதையாக அப்போது இருப்பது கோஆக்ஸ் ஷீல்டு, செட்டின் உடம்பு, பவர் சப்ளை, பிளக்கின் எர்த் முள். முழுவதும் செட் வழியாகப் பாயும். இரண்டு எர்த்தையும் வீட்டுக்கு வெளியே, மண்ணுக்கு அடியில், 8 கேஜ் கம்பியாலோ ஜி.ஐ. பட்டையாலோ இணைத்துவிட வேண்டும். எர்த்திங்குக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 3043. அதை ஒருமுறை படித்த எலக்ட்ரீஷியன் இதை எதிர்க்கமாட்டார்.

சோதனை

செட்டைக் கழற்றி, அறை முனையில் மீட்டர் வைத்தால் 50 கிலோ ஓம், கூடக்குறைய 5 சதவீதம். முனைகளை மாற்றி வைத்தாலும் அதே அளவு வர வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் எங்கோ துரு, அது டயோடு மாதிரி நடக்கிறது. பிறகு டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் ரெசிஸ்டர்) போட்டுப் பெட்டியை மட்டும் நானோவிஎன்ஏவில் (ஆன்டெனாவை அளக்கும் சிறு கருவி) பார்த்தால் 30 மெகாஹெர்ட்ஸ் வரை எஸ்டபிள்யூஆர் 1.1க்குள் நிற்க வேண்டும். 20 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏறினால் கால்கள் நீளம், அல்லது நடுப்பட்டை நீளம்.

பெட்டி உண்மையில் என்ன செய்கிறது என்று பார்க்க விரும்பினால், மேகம் இல்லாத காற்று நாளில், பெட்டியைக் கழற்றிவிட்டு, ஆன்டெனாவிலிருந்து வரும் கோஆக்ஸ் முள்ளுக்கும் கூட்டுக்கும் குறுக்கே ஒரு சிறு நியான் பல்பை வைக்கவும். 90 வோல்ட் வாக்கில் பளிச்சிட்டு அணையும், மறுபடி ஏறும், மறுபடி பளிச்சிடும். பளிச்சிடும் வேகம்தான் காற்றில் வரும் கரண்டின் அளவு. 2500 பிகோஃபாரட் கேபிளில் நொடிக்கு ஒரு முறை என்றால் ஒரு மைக்ரோ ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சாதாரண மல்டிமீட்டரில் வோல்ட்டேஜாக அளக்கலாம் என்று நினைத்தால், மீட்டரே 10 மெகா ஓம் வடிகால் என்பதை மறக்கக் கூடாது. 6 வோல்ட் காட்டினால் 0.6 மைக்ரோ ஆம்பியர் வருகிறது என்றுதான் பொருள், கேபிளில் 6 வோல்ட்தான் இருந்தது என்று அல்ல. பெட்டியைத் திரும்பச் சேர்த்தால் நியான் ஒருமுறைகூட எரியக் கூடாது. டிக் டிக் சத்தமும் நின்றிருக்கும்.

நிற்காமல் தொடரும் உஸ்ஸென்ற இரைச்சல் வேறு. அது கம்பியின் கூரான முனையிலிருந்து காற்றில் கசியும் கொரோனா. ரெசிஸ்டர் அதைப் போக்காது. டைபோல் முனையில் வெட்டி விட்ட கம்பி இழைகள் துருத்திக்கொண்டிருந்தால் மடக்கி முறுக்கி ஈயம் வைத்து உருண்டையாக்கவும். பிவிசி உறை போட்ட கம்பியைப் பயன்படுத்தினால் தூசியால் வரும் இரைச்சலும் கணிசமாகக் குறையும்.

கெட்டுப்போகும் விதத்தில் ரெசிஸ்டரும் டியூபும் நேரெதிர். டியூப் செத்தால் பெரும்பாலும் ஷார்ட் ஆகும். பேண்ட் திடீரென்று செவிடாகி, எஸ்டபிள்யூஆர் தலைக்கேறும், உடனே தெரிந்துவிடும். ரெசிஸ்டர் சத்தமில்லாமல் அறுந்துபோகும். எல்லாம் வழக்கம்போல் வேலை செய்யும், பாதுகாப்பு மட்டும் இருக்காது. அதனால்தான் மாதம் ஒருமுறை மீட்டர். கோடை இடிமழை சித்திரையில் தொடங்கும் முன்பு ஒருமுறை பெட்டியைத் திறந்தே பார்த்துவிடவும். எர்த் போல்ட்டைக் கழற்றித் தேய்த்து இறுக்கவும் அதுவே நேரம்.

இடி வரும் நாளில் பெட்டி இருக்கிறது என்ற தைரியத்தில் கேபிளை விட்டு வைக்கக் கூடாது. முதல் முழக்கம் கேட்கும் முன்பே கழற்ற வேண்டும். மேகம் தலைக்கு மேல் வந்த பிறகு கேபிளில் கை வைக்கவே கூடாது. கடைசி இடி ஓய்ந்து அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்பச் சொருகலாம். கழற்றிய கேபிளை மேசைக்குப் பின்னால் தொங்கவிடுவதும் தவறு. ஒரு செம்புத் தகட்டில் எஸ்ஓ-239 சாக்கெட் ஒன்றை மாட்டி, அதன் முள்ளைத் தகட்டோடு ஈயம் வைத்து, தகட்டை எர்த் செய்து ஜன்னலோரம் வைத்துவிட்டால், கழற்றிய கேபிளை அதில் சொருகி வைக்கலாம். பிஎல்-259 பிளக்கில் கூடு தொடும் முன்பே நடு முள் தொட்டுவிடுகிறது. அந்தரத்தில் மின்னேறிக் கிடந்த கேபிளைச் செட்டில் சொருகினால், மொத்தமும் முதலில் இறங்குவது ரிசீவர் முகப்பில்தான்.

எண்ட்ஃபெட் அரை அலைக் கம்பிக்கு 49:1 டிரான்ஸ்ஃபார்மரின் கோஆக்ஸ் பக்கம் இதே பெட்டியை வைக்கலாம், கம்பிப் பக்கம் வைக்கக் கூடாது. கம்பிப் பக்கம் 100 வாட்டுக்கு 500 வோல்ட் ஆர்எம்எஸ் நிற்கும். டியூப் ஒவ்வொரு முறை பேசும்போதும் பற்றும். பிரைமரியும் செகண்டரியும் தனித்தனியாகச் சுற்றியிருந்து கம்பிக்கு டிசி வழி இல்லாவிட்டால், 470 கிலோ ஓம் 1 வாட் ரெசிஸ்டர் ஐந்தைத் தொடராகச் சேர்த்துக் கம்பியிலிருந்து எர்த்துக்குக் கொடுக்கவும். ஒவ்வொன்றின் மீதும் 100 வோல்ட் மட்டுமே விழும்.

2 மீட்டர் பேண்டில் கால் அலை கிரவுண்டு பிளேனுக்கு ரெசிஸ்டரே வேண்டாம், கோஆக்ஸ் துண்டு போதும். ஒரு டீ கனெக்டரில் 36 சென்டிமீட்டர் ஆர்ஜி-58ஐக் கிளையாக மாட்டி, மறுமுனையில் பின்னலையும் நடுக்கம்பியையும் சேர்த்து ஈயம் வைக்கவும். டிசிக்கு அது நேரடி ஷார்ட், 145 மெகாஹெர்ட்ஸுக்குத் திறந்த சர்க்யூட். கணக்குப்படி நீளம் 34 சென்டிமீட்டர், டீயின் உடம்பும் அதில் சேரும். அரை சென்டிமீட்டராக வெட்டி, ஒவ்வொரு முறையும் ஷார்ட் வைத்து, நானோவிஎன்ஏவில் பார்த்துக்கொண்டே வரவும். நானோவிஎன்ஏவின் வாயில் பாதுகாப்பு எதுவும் கிடையாது. ஆன்டெனாக் கேபிளை அதில் மாட்டும் முன் முள்ளைக் கூட்டோடு ஷார்ட் செய்துவிட்டு மாட்டவும். 40 மீட்டருக்கும் இதே முறையில் 7 மீட்டர் நீளக் கோஆக்ஸ் வைக்கலாம். ஆனால் அது 14 மெகாஹெர்ட்ஸில் அரை அலையாகி முழு ஷார்ட் ஆகிவிடும். ஒரே ஆன்டெனாவில் 20 மீட்டரும் பேசுபவர்களுக்கு அது ஒத்துவராது, மேலே சொன்ன ரெசிஸ்டர் பெட்டிதான் வேண்டும்.